கதவைத் தட்டும் முன்: வின்சென்ட் தே பவுல் சபையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, கோயில் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் பெயர் கொடுத்துவிட்டீர்கள். "புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்திருங்க, ஒரு வீட்டுக்குப் போகணும்" என்று சொல்லியிருப்பார். பெரும்பாலான பங்குகளில் பயிற்சி அவ்வளவுதான். பதினொரு வருடங்களுக்கு முன் எனக்கும் அவ்வளவுதான் சொன்னார்கள். போய், முதல் வீட்டிலேயே மூன்று தவறுகள் செய்தேன். அதே மூன்றை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். புதிதாக வேறு செய்துகொள்ளுங்கள்.

முதலில், எதில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. பெயர்தான் 17ஆம் நூற்றாண்டுப் புனிதருடையது. சபையைத் தொடங்கியவர்கள் பாரிஸ் பல்கலைக்கழக மாணவர்கள். 1832இல் அந்த நகரத்தில் காலராவில் 18,000க்கும் மேற்பட்டோர் செத்துப்போயிருந்தார்கள். அந்தச் சூழலில் நடந்த மாணவர் விவாதக் கூட்டம் ஒன்றில், "உங்கள் மதம் முன்பு நல்லது செய்ததுதான்; இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று எதிர்த்தரப்பு மாணவர் கேட்டார். பிரெடெரிக் ஓசானாம் என்ற சட்ட மாணவருக்கு அது சுருக்கென்று தைத்தது. 1833 ஏப்ரல் 23 அன்று, அவருடைய இருபதாவது பிறந்தநாளில், ஏழைகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்து உதவுவது என்று ஆறு மாணவர்களும் பெய்யி என்ற மூத்த பத்திரிகையாளரும் கூடினார்கள். யாரைப் போய்ப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மூஃப்தார் பகுதிச் சேரிகளில் பல ஆண்டுகளாக வேலை செய்துவந்த ரொசாலி ரெந்து என்ற அருள்சகோதரிதான் விலாசங்கள் கொடுத்து, எப்படிப் போக வேண்டும் என்று சொல்லியனுப்பினார். இன்றைக்கும் சபை அப்படித்தான் நடக்கிறது. இது பொதுநிலையினர் சபை, அதாவது குருவாகவோ துறவியாகவோ இல்லாதவர்கள் நடத்துவது. பங்குத்தந்தை ஆலோசகராக மட்டும் இருப்பார். வீட்டுக்குப் போக வேண்டியது நீங்கள்.

போகும் முன் ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம்.

உன்னை நேசிப்பதுபோல மற்றவரையும் நேசி என்கிற கட்டளை, சீர்திருத்தச் சபையினர் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் 'பிறன்' என்ற சொல்லோடு வரும். நம் பொது மொழிபெயர்ப்பில் "அடுத்திருப்பவர்" என்று இருக்கிறது. 'பிறன்' என்றால் நான் அல்லாத எவனும். உலகம் முழுவதும் அதற்குள் அடங்கும், அதனால் யாரையும் குறிக்காமலும் போய்விடும். 'அடுத்திருப்பவர்' என்றால் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவர். எனக்கு இரண்டாவதுதான் உதவுகிறது. லூக்கா 10ஆம் அதிகாரத்தில் சட்ட வல்லுநர் ஒருவர், "எனக்கு அடுத்திருப்பவர் யார்?" என்று இயேசுவிடம் கேட்கிறார். பட்டியல் கிடைத்தால் பட்டியலில் இல்லாதவரை விட்டுவிடலாமே! எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதையில் அடிபட்டுக் கிடந்தவனின் கதை அவருக்குப் பதிலாகக் கிடைக்கிறது. குருவும், கோயில் பணி செய்யும் லேவியரும் விலகிப் போகிறார்கள். யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியர் நிற்கிறார்.

அந்தச் சமாரியர் காயத்தில் எண்ணெய் வார்த்ததையும் விலங்கின் மேல் ஏற்றியதையும் எல்லாப் பிரசங்கத்திலும் கேட்டிருப்பீர்கள். மறுநாள் காலை நடந்ததைக் கவனியுங்கள். சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுக்கிறார். கூலியாளுக்கு அது இரண்டு நாள் சம்பளம். கொடுத்துவிட்டு, இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறார். அவருக்குத் தன் வேலை இருக்கிறது, போகிறார். ஆனால் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். நம் சபையின் வேலை முழுவதும் அந்தத் 'திரும்பி வரும்போது'தான். உள்ளம் உருகிச் சேர்ந்தவர்கள் மூன்று மாதத்தில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். காலண்டரில் புதன்கிழமைகளைச் சுழித்து வைத்தவர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

கிளம்பும்போது

எப்போதும் இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் கவனிக்கலாம். தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு ஓர் ஆண் மட்டும் வாராவாரம் போனால் தெரு என்ன பேசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிறு பிள்ளைகளோடு தனியாக இருக்க நேர்ந்தால் வெளியே திண்ணைக்கு வந்துவிடுங்கள். எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்ற முடிவும் ஒருவர் மனநிலையில் தொங்கக் கூடாது.

எனக்குத் துணையாக வந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலத்தில் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர். எந்த வீட்டில் யார் கையெழுத்துப் போடுவார், யார் கைநாட்டு, யாருக்கு எந்தக் காது கேட்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். புதிதாக வருபவரைப் பழைய ஆளோடுதான் சேர்த்து அனுப்புவார்கள். அனுப்பாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

நேரம் பார்த்துப் போங்கள். சாப்பாட்டு வேளையில் போனால், இருப்பதை உங்களுக்குப் பரிமாற வேண்டுமே என்று அவர்கள் தவிப்பார்கள், அல்லது பரிமாற ஒன்றுமில்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டும் வேண்டாம். கூலி வேலைக்குப் போகும் வீடென்றால் ஆறரைக்கு மேல் சரியாக இருக்கும்.

அரிசி பருப்பு கொண்டுபோனால் மஞ்சப்பையில் கொண்டுபோங்கள். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் கவரில் கொண்டுபோனால் தெருமுனையிலிருந்து அந்த வீடு வரைக்கும் எல்லோரும் பார்ப்பார்கள். சபைப் பெயர் அச்சடித்த பை ஒரு காலத்தில் எங்கள் கிளையிலும் இருந்தது. நல்ல வேளையாகத் தீர்ந்துபோனது. வண்டியை அந்த வீட்டு வாசலில் நிறுத்தாமல் முக்கில் விட்டு நடந்து போங்கள்.

வாசலிலும் உள்ளேயும்

கதவு திறந்தே இருந்தாலும் வெளியே நின்று குரல் கொடுங்கள். செருப்பைக் கழற்றுங்கள். "வாங்க" என்று சொன்ன பிறகு உள்ளே போங்கள். அது அவர்கள் வீடு, நீங்கள் விருந்தாளி. இது தெரியாதவர் யாருமில்லை. ஆனால் கையில் அரிசிப் பை இருக்கும்போது நிறையப் பேருக்கு மறந்துவிடுகிறது.

பையை ஒரு ஓரமாக வைத்துவிட்டு உட்காருங்கள். நாற்காலி ஒன்றுதான் இருந்தால் அதை மூத்தவருக்கு விட்டுவிட்டுத் தரையில் உட்காருங்கள். நின்றபடி பேசக் கூடாது, நின்று பேசுகிறவர் விசாரணைக்கு வந்த அதிகாரி மாதிரி இருப்பார்.

என் முதல் தவறு இங்கேதான் நடந்தது. எழுபது தாண்டிய பாட்டி ஒருவர், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. போய் உட்கார்ந்ததும் அடுப்பைப் பற்றவைத்தார். "வேண்டாம் பாட்டி, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்" என்றேன். பாவம், இருக்கிற காபித்தூளை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். பாட்டி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் "ஆமா", "இல்ல" மட்டும்தான். தெருவுக்கு வந்ததும் அண்ணாச்சி சொன்னார்: "காபிய வேண்டாம்னுட்டியே தம்பி. நீ அரிசி குடுத்த, அவ வாங்கிக்கிட்டா. அவ காபி குடுத்தா, நீ வாங்கல. அப்ப யாரு பெரிய ஆளுன்னு காட்டிட்டல்லா?"

அடுத்த வாரம் குடித்தேன், கருப்பட்டிக் காபி. பாட்டி தன் கல்யாணத்திலிருந்து கதையைத் தொடங்கினார். சர்க்கரை நோய் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீராவது கேட்டு வாங்கிக் குடியுங்கள். தீபாவளிக்கு ஓர் இந்து வீட்டில் முறுக்கு கொடுத்தால், ரம்ஜானுக்கு ஒரு முஸ்லிம் வீட்டில் நோன்புக் கஞ்சி கொடுத்தால், வாங்கிச் சாப்பிடுங்கள். ஆம், அந்த வீடுகளுக்கும் போவோம். உதவி கேட்பவர் எந்த மதம் என்று சபை பார்ப்பதில்லை. நீங்களும் படம், ஜெபமாலை, துண்டுப் பிரசுரம் எதையும் விட்டுவிட்டு வர வேண்டாம். ஜெபம் சொல்லுங்கள் என்று அவர்களாகக் கேட்டால் சொல்லுங்கள், சுருக்கமாக.

பேச்சு

"பிள்ளைங்க பாத்துக்கிறதில்லையா?" என்று கேட்காதீர்கள். இதுதான் எல்லாப் புதியவர்களும் முதலில் கேட்கும் கேள்வி. பதில் "இல்லை" என்றால் ஒரு தாயைத் தன் பிள்ளைகளையே குறை சொல்ல வைத்திருக்கிறீர்கள். "பாக்கிறாங்க" என்றால் பொய் சொல்ல வைத்திருக்கிறீர்கள். மகன் போட்டோ சுவரில் இருந்தால் "இது யாரு?" என்று கேளுங்கள். போதும், மற்றதெல்லாம் தானாக வரும், வர வேண்டிய வாரத்தில் வரும்.

பேசாமல் இருக்கும் நேரத்தையும் நிரப்பாதீர்கள். அந்த நேரத்தில் பாருங்கள். மாத்திரை அட்டையில் போன வாரம் இருந்த அதே எண்ணிக்கை இருக்கிறதா? அப்படியென்றால் மாத்திரை போடவில்லை. தண்ணீர்க் குடம் நிறைந்திருக்கிறதா, யார் தூக்கிக் கொண்டுவருகிறார்கள்? சிலிண்டர் இருந்தும் விறகு அடுப்பு எரிகிறதென்றால் சிலிண்டர் காலி. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடப் பார்த்துத் தெரிந்துகொள்வது மரியாதை. நோட்டை எடுத்து அவர்கள் முன்னால் எழுதாதீர்கள், தெருமுனைக்கு வந்து எழுதுங்கள்.

இரண்டாவது தவறு ஒற்றைச் சொல்லில் நடந்தது: "பார்க்கலாம்." பாட்டி வீட்டு மின்விசிறி ஓடவில்லை. சித்திரை மாத வெயில், மேலே தகரம். "ஒரு ஃபேன் இருந்தா நல்லாருக்கும்" என்றார். "பார்க்கலாம் பாட்டி" என்றேன். நம் பேச்சில் பார்க்கலாம் என்பது பாதி நேரம் மறுப்பு, நாசூக்கான மறுப்பு. ஆனால் கேட்கும் இடத்தில் இருப்பவர் காதில் அது வாக்குறுதியாகத்தான் விழுகிறது. அந்த மாதம் சபையில் பணம் இல்லை. பாட்டி அடுத்த மூன்று வாரமும் என் கையைப் பார்த்தார், வாய் திறந்து கேட்கவில்லை. உடுக்கத் துணியும் உண்ண உணவும் இல்லாதவரிடம் "நலமே சென்று வாருங்கள்" என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன பயன் என்று யாக்கோபு தம் திருமுகத்தில் கேட்கிறார் இல்லையா, அதில் என் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். இப்போது நான் சொல்வது: "வெள்ளிக்கிழமை கூட்டத்துல கேக்குறேன். என்ன சொல்றாங்கன்னு புதன்கிழமை வந்து சொல்றேன்." 'இல்லை' என்ற பதிலையும் நேரில் போய்ச் சொல்லுங்கள். அதற்காக யாரும் கதவைச் சாத்தியதில்லை.

கூட்டமும் பணமும்

வாரக் கூட்டம் ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடியும். நடுவில் போன வார அறிக்கை, வீடுகளைப் பற்றிய பேச்சு, முடிவுகள். ஒரு துணிப் பை சுற்றி வரும். அதில் கை விட்டு, முடிந்ததைப் போடுங்கள். முடியாவிட்டால் வெறுங்கையை விட்டு எடுங்கள். யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாது, தெரியக் கூடாது என்பதற்குத்தான் அந்தப் பை. ஓசானாம் காலத்திலிருந்தே இந்த வழக்கம் இருக்கிறது. பணம் இல்லாதவரும் உறுப்பினராக இருக்க முடிவது இதனால்தான்.

அறிக்கையில் வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். "மருமகள் அடிக்கிறாள்" என்று பாட்டி அழுதது கூட்டத்துக்குத் தேவைப்பட்டால் சொல்லலாம். கூட்டத்துக்கு வெளியே, உங்கள் வீட்டுக்காரர் அல்லது வீட்டுக்காரியிடம்கூட, சொல்லக் கூடாது. அன்பியக் கூட்டத்தில் (பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடும் பங்கின் சிறு குழுவில்) ஜெபக் கருத்து என்ற பெயரில் சொல்வதும் சொல்வதுதான்.

சொந்தப் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்காதீர்கள். கை துறுதுறுக்கும். இந்த வாரம் ஐந்நூறு கொடுத்தால், அடுத்த வாரம் கொடுக்காத, உங்களோடு வருபவர் கெட்டவராகிவிடுவார்.

உரிமையாகக் கிடைப்பதை வாங்கித் தருவது

நம் அரிசி பத்து நாளைக்கு வரும். அரசாங்கத்திடமிருந்து அவர்களுக்கு உரிமையாக வர வேண்டியது மாதாமாதம் வரும். ஆகவே இதைத் தெரிந்துகொள்வதும் பக்திதான் என்பது என் கட்சி. ஜெபப் புத்தகம் மனப்பாடமாக இருக்கும் சிலருக்கு இ-சேவை மையம் எந்தத் தெருவில் இருக்கிறதென்று தெரியாது.

தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியோருக்கும் விதவைகளுக்கும் மாத உதவித்தொகை உண்டு. 2023இல் அது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. முதியோர் தொகைக்கு வயது 60 ஆகியிருக்க வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். பிறகு கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகம் வரை கோப்பு போகும். ஆதாரில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் இன்னொரு வயது என்று இருப்பதுதான் வழக்கமான முட்டுக்கட்டை. முதலில் அதைப் பாருங்கள்.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. வருமானச் சான்று வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு அட்டைக்கு அலைவது பெரும்பாடு. இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா ரேஷன் அட்டை என்றால் மாதம் 35 கிலோ அரிசி. முதியோர் உதவி எண் 14567. அதைப் பெரிய எழுத்தில் எழுதி, அவர்கள் சொல்லும் இடத்தில் ஒட்டிக்கொடுங்கள்.

அவர்களுக்குப் பதிலாக நீங்கள் போகாதீர்கள். அவர்களோடு போங்கள். வரிசையில் நிற்கும் இரண்டு மணி நேரத்தில், வீட்டில் ஆறு மாதம் பேசாததைப் பேசுவார்கள்.

படம் எடுப்பது பற்றி

எடுக்காதீர்கள். கிறிஸ்துமஸ் சேலையைக் கையில் கொடுத்து, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நான்கு பேர் நின்று, பின்னால் பேனர் கட்டி எடுக்கும் படத்தில், வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் உங்கள் அம்மா நின்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? கணக்குக்கு ரசீது போதும்.

கசப்பு வரும்போது

வரும். கொடுத்த அரிசியை விற்றுக் குடித்த ஆளைப் பார்ப்பீர்கள். இரண்டு கோயிலிலும் ஒரு பள்ளிவாசலிலும் உதவி வாங்கிக்கொண்டு ஒன்றுமே கிடைக்கவில்லை என்பவரைப் பார்ப்பீர்கள். நல்லவராக இருந்தால்தான் கொடுப்போம் என்று நாம் முகத்தில் எழுதி ஒட்டியிருப்பதால் நம்மிடம் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். அரிசி விற்கப்படுகிறதென்றால் அடுத்த முறை வீட்டம்மாவிடம் கேட்டு, கடையில் நேரடியாகக் கணக்கு வைத்துக் கொடுங்கள். உறவை நிறுத்துவதென்றால் கூட்டத்தில் பேசி நிறுத்துங்கள். கோபத்தில், வாசலில் வைத்து நிறுத்தாதீர்கள். அடிதடி, பிள்ளைகளுக்கு ஆபத்து என்று தெரிந்தால் அது இரகசியம் என்று பொத்திவைக்காமல் அன்றைக்கே தலைவரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098.

மூன்றாவது தவறு பாக்கி இருக்கிறது. அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கு முடிக்கும் வேலை, இரண்டு புதன்கிழமை போகவில்லை. சொல்லவும் இல்லை. அரிசிதான் அண்ணாச்சி கொண்டுபோகிறாரே என்று இருந்துவிட்டேன். மூன்றாம் வாரம் போனபோது பாட்டி எனக்கு மட்டும் காபி போடவில்லை. அண்ணாச்சிக்குக் கொடுத்தார், தனக்கும் ஊற்றிக்கொண்டார். "ரெண்டு வாரமும் ஒனக்கும் சேத்துப் போட்டு வச்சேன்யா, ஆறிப் போச்சு" என்றார். வர முடியாத வாரம் தெரிந்தால் முந்தின வாரமே சொல்லிவிடுங்கள். தெரியாவிட்டால் கூட வருபவரிடம் சொல்லியனுப்புங்கள்.

இந்தப் புதன்கிழமைக்கு: நோட்டு, பேனா, மஞ்சப்பை, ஒரு டார்ச். போனைச் சைலண்டில் போடுங்கள். மெயின் ரோட்டு டீக்கடைப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு இடதுபுறச் சந்தில் நடந்தால் மூன்றாவது வீட்டில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். கடிக்காது. ஆனால் புது ஆளைப் பார்த்தால் ஒரு மாதத்துக்குக் குரைக்கும்.